மூன்று தட்டு யாருக்கு?

அத்தியாயம் 17

இந்த வாரம் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். போன வாரமும் செய்தேன். ஆனால் சத்தியம் செய்தபோது நான் வலது கையைத் தூக்கவில்லை என்று ஒரு வாசகி கோபித்து எழுதியிருந்தார். அவர் எங்கிருந்து பார்த்தாரோ தெரியாது. இதோ, தூக்கியிருக்கிறேன். இடது கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாகப் போனால் அச்சில் நேர்செய்து கொள்வார்கள். விஷயம் நேராகத்தான் இருக்கும்.

கதை விட்ட இடம் இது. எங்கள் குடும்பத்துக்கு ஒரு சலவை ஆலை. ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் ஆஸ்பத்திரிகளின் போர்வைகளும் அழுக்காக உள்ளே வந்து, வெளுப்பாக வெளியே போகும். தொடங்கியவர் என் அண்ணன். கீழே ஆலை, மேலே வீடு. அண்ணனுக்கு ஒரே மகன். எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவான். சலவை ஆலைக்குள் இத்தனை வருஷம் நடமாடியும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் பட்டதில்லை. அவன் என்ன வேலை செய்தான் என்பதை இதிலிருந்தே வாசகர்கள் கண்டுகொள்ளலாம். வெள்ளைச் சட்டை என்றே அவனைச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

வெள்ளைச் சட்டையும் அவன் மனைவியும் விவாகரத்துக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகள் இல்லை. பிரித்துக்கொள்ள இருப்பது ஆலை மட்டும்தான். தான் வந்த பிறகு ஆலை வளர்ந்த வளர்ச்சியில் பாதி தன்னுடையது என்று மருமகள் கேட்கிறாள். வெள்ளைச் சட்டை பதில் போட்டிருக்கிறான்: ஆலை என் அப்பாவுடையது, நான் அதில் சம்பளக்காரன், என் மனைவி மேலே வீட்டோடு இருந்தவள், ஆலைக்குள் ஒரு நாளும் வேலை செய்ததில்லை.

இதைப் படித்ததும் நான் மூன்று வேளை சாப்பிடவில்லை. பிறகு பசித்தது.

மருமகள் வருவதற்கு முன் எங்கள் ஆலையின் வெளுப்பு எப்படி இருந்தது? அழுக்கு விரிப்பையும் வெளுத்த விரிப்பையும் பக்கத்தில் வைத்தால், எதை இனி வெளுக்க வேண்டும் என்று நாங்களே சண்டை போடுவோம். அவள் வந்த பிறகு? ஒரு ஓட்டலில் அறைக் கதவைத் திறந்த விருந்தாளி, எங்கள் விரிப்பின் வெண்மையில் கட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கதவருகேயே நின்றிருக்கிறார். ஓட்டல்காரர் ஆள் அனுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். அதற்குப் பிறகு அந்த ஓட்டலில் விரிப்புக்கு ஒரு மூலையில் நீலக் கோடு போடச் சொன்னார்கள். அந்த நீலக் கோடு இன்றும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

இந்தக் கோடு போடச் சொல்லி வந்த ஓட்டல்காரர்தான் ஒருநாள் வெள்ளைச் சட்டையிடம், "உங்க வீட்ல என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

"அவளா? மேல டிவி பாத்துட்டு இருப்பா" என்றான் அவன்.

அவனுக்குப் பின்னால் முழங்கை வரை சலவைச் சோடா நுரையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். விவாகரத்துக்கு வக்கீல்கள் என்னென்னவோ காரணம் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து காரணம் அந்த ஒரு வாக்கியம்தான். அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

ஆலையில் அவள் வேலை செய்தாளா இல்லையா என்று நேரில் பார்த்துச் சொல்ல நீதிமன்றம் ஒரு விசாரணை அதிகாரியை அனுப்பிய நாள்தான் இன்றைய அத்தியாயம்.

அதற்குள் போகுமுன் குழாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆலை ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அண்ணன் ஆரம்பத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்தார். பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவிக் குழாய், கூடம் முழுக்கச் சுற்றி, சுவரேறி, மேலே வீட்டு அடுப்படி வரை போகிறது. அதில் அங்கங்கே ஒரு ஸ்பேனரைக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு தட்டுத் தட்டினால் அண்ணனைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு தட்டு வெள்ளைச் சட்டைக்கு. மருமகள் வந்த பிறகு மூன்று தட்டு அவளுக்கு. குடும்பத்தில் அவரவர் அந்தஸ்துப்படி கொடுத்தது. ஒரு தட்டு, சாப்பாட்டு நேரத்தில் வரும். இரண்டு தட்டு, யாராவது பெரிய மனிதர் காரில் வந்து இறங்கினால் வரும். மற்ற நேரமெல்லாம் மூன்றுதான். மழை பெய்கிற மாதிரி விழுந்துகொண்டே இருக்கும்.

எனக்கு அந்தக் கூடத்தில் ஒரு முக்காலி உண்டு. குழாயில் முதுகைச் சாய்த்து உட்காருவேன். முதுகுவலிக்கு நல்லது. ஆலையைப் பற்றி என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. நானும் எழுந்து போவதில்லை.

அன்று காலையில் அண்ணன் கைத்தடியை ஊன்றிக் கூடத்தின் நடுவில் நின்றார். இஸ்திரிப் பெண்கள், பாய்லர்காரர், வண்டிக்காரர் எல்லோரையும் நிறுத்திவைத்துப் பாடம் நடத்தினார்.

"விசாரணைக்கு வர்ற அந்தம்மா கேட்டா என்ன சொல்லணும்?"

"தெரியாதுன்னு சொல்லணும் முதலாளி."

"தெரியாதுன்னு சொன்னா தெரிஞ்சதை மறைக்கிறோம்னு ஆயிடும். அவங்க இங்க வர்றதே இல்லைன்னு சொல்லுங்க."

பாய்லர்காரர் தலையைச் சொறிந்தார். "எவங்க முதலாளி?"

"யாரு வர்றதில்லையோ அவங்க!"

பிறகு சுத்தம் செய்தார்கள். மருமகளின் நாற்காலி மாடிப்படிக்கு அடியில் போனது. ஆணியில் தொங்கிய அவளுடைய ஏப்ரனை அண்ணன் தன் கையாலேயே இரண்டாகக் கிழித்தார். மிச்சம் இருந்தது சாக்பீஸ் எழுத்துகள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம் என்பதால், அதனதன் உடம்பில் மருமகள் சாக்பீஸால் எழுதிவைத்திருப்பாள். 'கதவை ஓங்கிச் சாத்து.' 'சோடா குறைத்துப் போடு.' பிழிகிற மெஷினில், 'இவனை நம்பாதே.' வெள்ளைச் சட்டை அந்தக் கிழிந்த ஏப்ரன் துணியை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனான். அவன் ஆலைக்குள் வேலை செய்து நான் பார்த்தது அன்றுதான். சட்டையில் அன்றும் ஈரம் படவில்லை.

கடைசியில் எருமைக்கு வந்தான். எருமை என்பது எங்கள் பெரிய மெஷினின் பெயர். கறுப்பாக, கொழுப்பாக, யார் சொன்னாலும் கேட்காமல் நிற்கும். அதன் வயிற்றில் மட்டும் மருமகள் நீளமாக எழுதியிருந்தாள்: 'முக்கால் வயிறுதான். தடுமாறினால் முதலில் ஆவியை மூடு, பிறகு தண்ணீரை வடி, அப்புறம்தான் சுவிட்ச்.' அதையும் துடைத்தான். எழுத்துப் போனதும் எருமை புது மெஷின் மாதிரி பளபளத்தது. பளபளப்பைப் பார்த்த சந்தோஷத்தில் வெள்ளைச் சட்டை, "இன்னைக்கு ஆலை ஓடற ஓட்டத்தைப் பாத்து அந்தம்மா அசந்து போகணும். ஃபுல்லா போடு!" என்றான். ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் திணித்தார்கள். கதவை மூட இரண்டு பேர் முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

விசாரணை அதிகாரி நடுவயது அம்மாள். தடித்த கண்ணாடி. கூடத்துக்குள் காலை வைத்ததும் கண்ணாடி ஆவி பிடித்து வெள்ளையாகிவிட்டது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரியத் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம்.

அவருக்குப் பின்னால் மருமகள். கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவள் வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்: போங்க, நில்லுங்க, எதையும் தொடாதீங்க. கை பட்டால் 'மெஷினைக் கெடுத்துவிட்டாள்' என்று எழுதிக் கொடுப்பார்கள். பங்கு கேட்ட வழக்கு நஷ்டம் கேட்கும் வழக்காகிவிடும்.

அலுவலக அறை கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு பேசினார்கள். எருமை அப்போதுதான் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"நான் ஆரம்பிச்சப்போ இவ பொறக்கவே இல்ல மேடம்" என்றார் அண்ணன். "ஒரு தொட்டி, ஒரு கல்லு, நானு. அவ்வளவுதான்."

"ஆரம்பிச்சதுல நான் பங்கு கேக்கல மாமா" என்றாள் மருமகள். "வளந்ததுல கேக்கறேன்."

"வளந்தது தானா வளந்துச்சு."

"அப்ப எனக்கு முன்னாடி ஏன் வளரல?"

வெள்ளைச் சட்டை குறுக்கே வந்தான். "மேடம், ஒரே ஒரு கேள்வி கேக்கறேன். இவ இங்க ஒரு ரூபா சம்பளம் வாங்கியிருக்காளா? கேளுங்க."

அம்மாள் மருமகளைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள்.

"சம்பளம் வாங்கலைன்னா வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்?"

"வாங்கியிருந்தா வேலைக்காரின்னு சொல்லிக் கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பீங்க. வாங்கலைங்கறதால வீட்டுக்காரின்னு சொல்லி அனுப்பறீங்க. எப்படியும் அனுப்பறதுன்னு ஆன பிறகு, சம்பளத்தையாவது வாங்கியிருக்கலாம். அது என் தப்புதான்."

அம்மாள் எதையும் எழுதவில்லை. "இங்க வேலை செய்யறவங்க கிட்ட கேக்கலாமா?" என்றார்.

"தாராளமா!" என்றார் அண்ணன், காலையில் பாடம் நடத்திய தைரியத்தில்.

பாய்லர்காரரைக் கூப்பிட்டார்கள். கைகட்டி நின்றார்.

"இந்த அம்மா ஆலைக்குள்ள வருவாங்களா?"

"வரவே மாட்டாங்க மேடம்." பிறகு மருமகளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "அக்கா, வந்துட்டீங்களா? நீங்க போனதுலேர்ந்து பாய்லர் பேச்சே கேக்கறதில்ல" என்றார்.

அண்ணன் கைத்தடியால் தரையில் ஒரு குத்துக் குத்தினார்.

அம்மாள் என் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பெரியவர்?"

"என் சித்தப்பா. அவரை விட்டுடுங்க மேடம்" என்று வெள்ளைச் சட்டை தன் தலைப்பக்கம் விரலைக் கொண்டுபோய் ஏதோ ஜாடை காட்டினான். எனக்குப் பைத்தியம் என்று சொல்லியிருப்பான். அந்தக் குடும்பத்தில் அது நல்ல சர்ட்டிபிகேட்தான் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் எருமை வேகம் பிடித்தது.

முழு வயிறு நிரம்பிய எருமை முதலில் ஒரு முறை ஏப்பம் விட்டது. பிறகு இடம் வலமாக ஆடியது. பிறகு, தரையில் அதைப் பிணைத்திருந்த ஆணிகளை வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற மாதிரி கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு எட்டு வைத்தது. அடுத்து இன்னொரு எட்டு. ஆஸ்பத்திரிக்காரர்களின் போர்வைகளைச் சுமந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரோடு, அது கூடத்தின் குறுக்கே நடந்து வந்தது. எங்கே வருகிறது என்று பார்த்தேன். என்னிடம்தான் வந்தது. அத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். விசாரிக்க வருகிறது என்று நினைத்தேன்.

அலுவலக அறையில் இருந்தவர்களும் கூடத்துக்கு ஓடிவந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து வாயை வாயைத் திறந்து மூடினார்கள். அதிகாரி வந்திருக்கும் நாளில் எனக்குக் கிடைத்த மரியாதைக்கு நான் தலையை அசைத்து நன்றி சொன்னேன்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவிட்சை முதலில் அணைத்தால் கதவின் பூட்டு விட்டுப்போய்க் கொதிநீர் கூடம் முழுக்கக் கொட்டும். எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்துச் செய்ய வேண்டும் என்பது எருமையின் வயிற்றிலேயே எழுதியிருந்தது. அதைத்தான் துடைத்து வைத்திருந்தார்களே.

இஸ்திரிப் பெண்ணொருத்தி ஓடிப்போய் ஸ்பேனரை எடுத்தாள். குழாயில் மூன்று தட்டு.

பாய்லர் அறைக்கு ஓடிய பாய்லர்காரர் அங்கிருந்து மூன்று தட்டு.

பிறகு வெள்ளைச் சட்டை. இது நான் என் கண்ணால் பார்த்தது. அவன் ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் தொங்கிய ஸ்பேனரைப் பிடுங்கினான். மூன்று தட்டு. மறுபடி மூன்று. மறுபடி மூன்று. மேலே அடுப்படிப் பக்கம் அண்ணாந்து பார்த்தபடி, முகமெல்லாம் வெளிறிப்போய்த் தட்டிக்கொண்டே இருந்தான்.

அவள் அவனுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அவனுக்கு அது தோன்றவில்லை. அவன் கைக்குக் குழாயைத் தட்டத்தான் தெரியும். தட்டினால் அவள் வந்துவிடுவாள் என்பது மட்டும்தான் தெரியும். எங்கிருந்து வருவாள், என்ன வேலையை விட்டுவிட்டு வருவாள் என்பதை அது ஒரு நாளும் யோசித்ததில்லை.

மருமகள் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வக்கீல் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது என்று அவள் விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. எருமையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் முக்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பையைக் கீழே போட்டாள்.

ஆவியின் சக்கரத்தைத் திருகினாள். குனிந்து வடிகாலைத் திறந்தாள். தண்ணீர் போகப் போக எருமையின் ஆட்டம் அடங்கியது. அது என் முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று பெருமூச்சு விட்டபோது, சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள். ஆலை முழுவதும் நின்றது. அவள் காலணி, உடை, முழங்கை எல்லாம் நுரை. அதைத் துடைத்துக்கொள்ளப் பழக்கத்தில் ஆணிப் பக்கம் கையை நீட்டினாள். ஆணி மட்டும் இருந்தது.

அமைதியில் அம்மாளின் கேள்விதான் முதலில் வந்தது.

"மூணு தடவை தட்டினீங்களே. அது யாரைக் கூப்பிட?"

வெள்ளைச் சட்டை கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். அது அவன் கைக்கு எப்படி வந்தது என்று அதையே கேட்கிற மாதிரி இருந்தது. "அது... சும்மா ஒரு பழக்கம் மேடம்."

"யாரைக் கூப்பிடற பழக்கம்?"

அண்ணன் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். "பூனையை."

"பூனையா?"

"ஆமா. எங்க வீட்ல ஒரு பூனை இருக்கு. பால் வெக்கறப்போ மூணு தட்டு தட்டுவோம். வந்துடும்."

"மெஷின் கழண்டு ஓடுறப்போ எதுக்குப் பூனையைக் கூப்பிட்டீங்க?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "பாவம், அது பயந்துடுமேன்னு."

யாரும் சிரிக்கவில்லை. மருமகள் மட்டும் நுரைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பூனைக்குப் பாலாவது வெச்சிருக்காங்க மேடம். எழுதிக்குங்க."

அம்மாள் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளைச் சட்டையின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கினார். குழாயருகே போனார். நிதானமாக, தேநீர்க் கோப்பையில் கரண்டியைத் தட்டுகிற மாதிரி, மூன்று தட்டுத் தட்டினார்.

கூடத்தில் இருந்த எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. இஸ்திரிப் பெண்கள், வண்டிக்காரர், பாய்லர் அறை வாசலில் பாய்லர்காரர், எல்லோரும் மருமகளைப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டையும் பார்த்தான். நானும் பார்த்தேன். அண்ணனின் தலையும் கிளம்பிவிட்டது; பாதியில் பிடித்து நிறுத்தி, அந்தப் பக்கத்துச் சன்னலைப் பார்ப்பதுபோல் ஆக்கிக்கொண்டார். அந்தப் பக்கம் சன்னல் கிடையாது.

தலை திரும்பாதவள் மருமகள் ஒருத்திதான். அவள் காலடியை எடுத்து முன்னால் வைத்திருந்தாள். கூப்பிட்டவுடன் வந்து பழகிய கால்.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வியாழக்கிழமை விலை மதிக்கிறவர் வருவார். ஆலை இப்ப இருக்கற மாதிரியே ஓடிட்டு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிற வாசகர்கள் எங்கள் குடும்பத்தோடு பழகாதவர்கள்.

மாடிப்படியின் கீழே, தலைகீழாகக் கவிழ்த்திருந்த அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில், அவளை வெள்ளைச் சட்டை மறித்தான்.

"திருப்திதானே உனக்கு? அப்பாவை எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தியாச்சு."

"தட்டினது நானா?"

"நீ பாட்டுக்கு நின்னிருக்க வேண்டியதுதானே? வக்கீல் சொல்லலை?"

"சொன்னார். சின்ன மாமா நசுங்கியிருப்பார். பரவாயில்லையா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள் அவள். "பயந்துட்டான், பெண்டாட்டியைக் கூப்பிடறான்னு விட்டிருப்பாங்க. பக்கத்துலதான் நின்னேன். என் பேரு ஞாபகம் இருக்கா?"

அவன் பேரைச் சொல்லவில்லை. "பாதியை வாங்கி என்ன பண்ணப் போற?" என்றான்.

"ஓட்டுவேன்."

"பாதி ஆலையையா?"

"எனக்குப் பாதி போதும். முழுசும் கையில இருந்தும் ஓட்டத் தெரியாதவங்க நீங்கதான்."

"உங்க அக்கா சொல்லிக்குடுத்தாளா இதெல்லாம்?"

"இல்ல. டிவி பாத்துக் கத்துக்கிட்டேன்."

அவள் ஏப்ரனைக் கேட்டாள். அது அவள் காசில் வாங்கியது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள். வெள்ளைச் சட்டை காலையில் மெஷின்களைத் துடைத்த வாளியைப் பார்த்தான். வாளி விளிம்பில் கிழிந்த துணி தொங்கியது. அவள் அதை எடுத்தாள். பிழிந்தாள். சாக்பீஸ் கரைந்து பால் மாதிரி ஆன தண்ணீர் சொட்டியது. அவள் எழுதிய அத்தனையும் அதில்தான் இருந்தது. அவளுடைய துணியாலேயே அவளைத் துடைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிய ஒரு விநாடி போதுமானதாக இருந்தது. துணியை உதறி நான்காக மடித்தாள். இஸ்திரிப் பெண்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த அதே மடிப்பு. பைக்குள் வைத்துக்கொண்டாள்.

போகுமுன் என்னிடம் வந்தாள். அந்த வீட்டில் என்னோடு பேசும்போது எனக்கு எதிரே வந்து, குனிந்து, என் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"சின்ன மாமா, அடி ஒண்ணும் படலையே?"

"எனக்கென்ன? மெஷின்தான் என்னைப் பாத்து பயந்து நின்னுடுச்சு."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வாசல் பக்கம் நடந்தாள்.

அண்ணன் அதுவரை அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

"பாய்லரை அணை" என்றார்.

"அணைச்சாச்சு முதலாளி" என்றார் பாய்லர்காரர். "எருமையைத் திரும்ப இடத்துல வெச்சுட்டு, சாயங்காலமே ஏத்திடலாம்."

"ஏத்த வேண்டாம். குழாயை வெட்டு."

பாய்லர்காரருக்குப் புரியவில்லை. "எந்தக் குழாயை?"

"ஆவிக் குழாயை. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, மேல ஏறுற இடத்துல ஒண்ணு. துண்டு துண்டா வெட்டு. யாரும் எதையும் தட்டக் கூடாது."

"முதலாளி, அதை வெட்டினா ஆலை நின்னுடும்."

"நிக்கட்டும்."

"ஆஸ்பத்திரிக்குப் போர்வை போகணும். ரெண்டு ஓட்டல் காத்துட்டு இருக்கு. இவங்க எல்லாரும்..." என்று இஸ்திரிப் பெண்களைக் காட்டினார்.

"வியாழக்கிழமை விலை போட ஒருத்தன் வர்றானாமே. வரட்டும். ஓடாத ஆலைக்கு என்ன விலை போடறான்னு பாக்கறேன். அவளுக்குப் பாதி என்ன, முழுசையுமே குடுக்கறேன். எடுத்துட்டுப் போகட்டும்."

தன் கையால் ஒரு தொட்டி, ஒரு கல்லிலிருந்து எழுப்பியதை, மருமகளுக்குப் பாதி போய்விடக்கூடாது என்பதற்காகத் தன் கையாலேயே கொன்றுபோடக் கிளம்பிவிட்டார் என் அண்ணன். பாய்லர்காரர் மாடிப்படிப் பக்கம் பார்த்தார். வெள்ளைச் சட்டை அங்கே இல்லை; படியேறி மேலே வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். வேறு யார் சொல்வது? ரம்பத்தை எடுத்து வந்தார். என்னை முக்காலியோடு கொஞ்சம் நகரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் நகரவில்லை.

குழாய் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அது ஆறி நான் அறிந்ததில்லை. முதுகில் சூடு போய் வெதுவெதுப்பானது, வெதுவெதுப்பும் போனது, பிறகு வெறும் இரும்பு.

பாய்லர்காரர் ரம்பத்தைக் குழாயில் வைத்தார். அந்த நேரத்தில்தான் அது வந்தது.

மூன்று தட்டு.

மேலே அடுப்படியிலிருந்து. மேலே இருந்தது ஒரே ஒருவன்தான்.

பாய்லர்காரரின் கை நின்றது. "மேல யாரோ தட்டறாங்க முதலாளி."

"யாரும் தட்டல" என்றார் அண்ணன். "இரும்பு ஆறறப்போ அப்படித்தான் சத்தம் போடும். நீ அறு."

வாசல் கேட்டுக்குப் போய்விட்ட மருமகள் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். திரும்பவில்லை. போகவும் இல்லை. அவளுடைய பையின் அடியிலிருந்து, மடித்து வைத்த துணியின் வெள்ளைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

மறுபடியும் மூன்று. இந்தத் தடவை மெதுவாக.

ரம்பம் ஒரு இழுப்பு இழுத்தது.

சத்தியத்துக்குத் தூக்கிய கையை இன்னும் கீழே இறக்கவில்லை என்பதால் இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: முதல் பாய்லர் வெடித்த அன்றே என் இரண்டு காதும் போய்விட்டன, அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் பேசிய ஒரு சொல்லும் எனக்குக் கேட்டதில்லை, எனக்கு எட்டுவதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இந்தக் குழாயில் விழுகிற தட்டு மட்டும்தான்.